டெப்பில் இடம் நிரம்பிவிட்டதா? கழட்டுவதற்கு முதல் இதை வாசியுங்கள்

போன மாரி லீவுக்கு என் அக்காவின் மகள் வந்தாறுமூலையிலிருந்து வீட்டுக்கு வந்தாள். கிழக்குப் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருஷம். பையை இறக்கி வைத்த கையோடு டெப்பை என் முன்னால் வைத்து, "மாமா, இதில ஒண்டும் சேவ் பண்ண ஏலாம இருக்கு, சிவப்பாக் காட்டுது. ஒரு கடையில காட்டினன், இது இனிச் சரிவராது, புதுசு வாங்குங்க எண்டு சொல்லிட்டாங்க" என்றாள். முகம் வாடிப்போயிருந்தது. அவளுடைய அப்பா கத்தாரிலிருந்து வரும்போது செக்கன்ட் ஹாண்டில் வாங்கி வந்த டெப் அது. புதிதொன்று வாங்குவதென்றால் அந்த வீட்டில் பல மாதச் சேமிப்பு கரைந்துவிடும்.

டெப்பைத் திருப்பி, பின்பக்கத் தாங்கியை விரித்துப் பார்த்தேன். ஓரத்தில் ஒரு சின்னக் கதவு, அதில் ஊசி நுழைகிற அளவுக்கு ஒரு துளை. மைக்ரோசாஃப்ட்டின் சர்ஃபேஸ் புரோ 7 பிளஸ், விண்டோஸில் ஓடுகிற டெப். அந்தக் கதவுக்குள் ஒரே ஒரு ஆணிதான் இருக்கிறது. அந்த ஆணிக்குக் கீழே தபால் முத்திரை அளவில் எஸ்.எஸ்.டி, கோப்புகள் எல்லாம் சேமிக்கப்படுகிற தகடு. அதைக் கழட்டிவிட்டுப் பெரியதைப் பூட்டினால் விஷயம் முடிந்தது. இதற்குத்தான் அந்தப் பிள்ளையிடம் புது டெப் வாங்கச் சொல்லியிருக்கிறார்கள்.

இதை எழுதக் காரணம் அதுதான். இன்னொரு காரணமும் உண்டு: கதவே இல்லாத டெப்பைக் கதவு இருக்கிறதென்று நினைத்து நெம்பி உடைப்பவர்களும் நம் பக்கம் நிறைய. நானும் ஒருகாலத்தில் அப்படி ஒன்றை உடைத்தவன். முதல் தடவை செய்யப்போகிறவர்கள் ஒன்றை மனதில் வையுங்கள். கழட்டிப் பூட்டுவது பத்து நிமிஷம். அதற்கு முந்தைய வேலைக்கு ஒன்றரை நாள் பிடிக்கும். அந்த ஒன்றரை நாளை மிச்சம் பிடிக்கப் போய்த்தான் பிள்ளைகளின் நோட்ஸ், குடும்பப் படங்கள் எல்லாம் போய்விடுகின்றன.

உங்கள் டெப் திறக்கிற வகைதானா?

ஆண்ட்ராய்டு டெப், ஐபேட் இரண்டிலும் சேமிப்பகத்தை மாற்ற ஏலாது. எந்தக் கம்பெனியானாலும் இதுதான் நிலை. உள்ளே இருக்கும் நினைவகச் சில்லு போர்டோடு சேர்த்து ஈயப்பற்று வைக்கப்பட்டிருக்கும், கழட்டி மாட்டுகிற சொக்கெட் கிடையாது. மலிவு விலை விண்டோஸ் டெப்களில் 32 ஜீபி, 64 ஜீபி என்று வருகிறதே, அவற்றில் பெரும்பாலானவையும் இந்த வகைதான், அதற்கு இ.எம்.எம்.சி என்று பெயர். இவற்றைத் திறந்தால் உள்ளே மாற்றுவதற்கு ஒன்றுமே இல்லை.

இதை நான் கற்றுக்கொண்ட விதம் நல்லதல்ல. ஒன்லைன் வகுப்புகள் நடந்த காலத்தில், களுவாஞ்சிக்குடியில் எனக்குத் தெரிந்த ஒருவரின் மகன் பாவித்த ஆண்ட்ராய்டு டெப் ஒன்றை, "நான் பெரிய மெமரி போட்டுத் தாறன்" என்று வாக்குக் கொடுத்து வாங்கினேன். தலைமுடி காயவைக்கிற ஹெயார் டிரையரால் ஓரத்தைச் சூடாக்கி, பழைய டெலிபோன் கார்டைச் செருகி நகர்த்திக்கொண்டு போனேன். மூன்று பக்கம் வந்துவிட்டது, நாலாவது பக்கத்தில் கார்டு கொஞ்சம் ஆழமாகப் போய்விட்டது. மெல்லிய ஒரு சத்தம். கண்ணாடியில் மேலிருந்து கீழ்வரை தலைமயிர் அளவுக்கு ஒரு கோடு. உள்ளே பார்த்தால் கறுப்புச் சில்லு போர்டில் ஒட்டிக்கிடக்கிறது, மாற்ற வழியில்லை. புதுக் கண்ணாடி போட்டுக் கொடுக்க மூன்று கிழமை ஆனது, காசும் என் கையிலிருந்துதான். அந்த மூன்று கிழமையும் அந்தப் பிள்ளை அடுத்த வீட்டுப் ஃபோனில் பாடம் கேட்டான். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வருத்தம்.

ஆகவே ஆண்ட்ராய்டு டெப் வைத்திருப்பவர்கள் கழட்டுகிற யோசனையை விடுங்கள். மைக்ரோ எஸ்.டி கார்டு போடும் இடம் இருந்தால் ஒரு நல்ல கார்டு வாங்கிப் போட்டுப் படங்களையும் வீடியோக்களையும் அதற்கு மாற்றுங்கள். கார்டு போட இடமில்லாவிட்டால் டைப் சி பென் டிரைவ் ஒன்று போதும். வட்ஸ்அப் வீடியோக்களை அழித்தாலே பாதி டெப்களுக்கு மூச்சு வந்துவிடும்.

மாற்றக்கூடியவை எவை என்று கேட்டால், கதவு வைத்த சர்ஃபேஸ் மாடல்களைத்தான் புதிதாகத் தொடங்குபவர்களுக்குச் சொல்வேன். 2019இல் வந்த சர்ஃபேஸ் புரோ எக்ஸ், 2021இல் வந்த புரோ 7 பிளஸ், அதே வருஷம் வந்த புரோ 8, 2022இல் வந்த புரோ 9, அதற்குப் பிறகு வந்த 13 அங்குல மாடல்கள். இவை எல்லாவற்றிலும் தாங்கிக்குக் கீழே எஸ்.எஸ்.டிக் கதவு உண்டு.

இங்கே ஒரு குழி இருக்கிறது, கவனம். புரோ 7 வேறு, புரோ 7 பிளஸ் வேறு. வெளியே பார்க்க இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருக்கும். விற்கிறவருக்கே சிலவேளை வித்தியாசம் தெரியாது. புரோ 7இல் கதவும் இல்லை, மாற்றக்கூடிய எஸ்.எஸ்.டியும் இல்லை. தாங்கியை விரித்தால் பொடி எழுத்தில் மாடல் இலக்கம் இருக்கும், ஃபோனில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். 1866 என்றிருந்தால் அது புரோ 7. 1960 அல்லது 1961 என்றிருந்தால் 7 பிளஸ். பக்கத்திலேயே சீரியல் இலக்கமும் இருக்கும், அதையும் எழுதி வையுங்கள், பிறகு தேவைப்படும்.

கண்ணாடியை ஒட்டுப்பசையோடு கிளப்பித்தான் உள்ளே போக வேண்டும் என்கிற டெப்கள் தனி ரகம். பழைய சர்ஃபேஸ் புரோக்கள் அப்படித்தான். சூடாக்கி, உறிஞ்சி பிடித்து இழுத்து, மெல்லிய தகடு விட்டு அறுத்து எடுக்க வேண்டும், கண்ணாடிக்குக் கீழே போகிற ரிப்பன் வயர் எங்கே இருக்கிறதென்று முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும், பற்றரியில் கூர்மையான எதுவும் பட்டால் தீப்பிடிக்கும். முதல் தடவைக்கு இது வேலையே இல்லை. கண்ணாடி ஒரு பக்கம் தானாகவே கிளம்பி நிற்கிறது என்றால் உள்ளே பற்றரி வீங்கியிருக்கலாம். அதைச் சார்ஜ் போடாமல், அமுக்காமல், நேரே தொழில் தெரிந்தவரிடம் கொண்டு போங்கள்.

எந்த எஸ்.எஸ்.டி வாங்குவது?

பெயர் நீளமாக இருந்தாலும் விஷயம் சின்னது. கேட்க வேண்டியது "எம்.2 2230 என்.வி.எம்.இ". 2230 என்பது அளவு: 22 மில்லிமீற்றர் அகலம், 30 மில்லிமீற்றர் நீளம். மடிக்கணினிகளில் சாதாரணமாக வருவது 2280, அதாவது 80 மில்லிமீற்றர். அது இந்தக் கதவுக்குள் போகவே போகாது. என்.வி.எம்.இ என்பது இணைப்பு வகை. சாட்டா என்று இன்னொரு இணைப்பு வகையும் உண்டு, அதை வாங்காதீர்கள், இந்த வாசலில் வேலை செய்யாது.

இன்னொன்று, ஒரு பக்கம் மட்டும் சில்லு வைத்ததாக இருக்க வேண்டும். அடிப்பக்கமும் சில்லு இருந்தால் தடிப்புக் கூடி கதவு மூடாது. வெஸ்டர்ன் டிஜிட்டலின் எஸ்.என்.740, கியோக்சியாவின் பி.ஜி.5, சாம்சுங்கின் பி.எம்.991 போன்றவை இந்த அளவில் கிடைப்பவை. ஸ்டீம் டெக் என்ற விளையாட்டுக் கருவியும் இதே அளவைத்தான் பாவிக்கிறது, அது வந்த பிறகு 2230 வாங்குவது முன்பைவிட லேசாகிவிட்டது. ஜென் 4 (நாலாம் தலைமுறை, வேகம் கூடியது) என்று எழுதியதை ஜென் 3 வாசலில் போட்டாலும் ஓடும், ஆனால் வாசலின் வேகத்துக்குத்தான் ஓடும், அதனால் வேகத்துக்கென்று கூடுதல் காசு கொடுக்க வேண்டாம்.

மட்டக்களப்பு, கல்முனைப் பக்கத்தில் எல்லாக் கடையிலும் இது இருக்காது. 2280தான் எங்கும் அடுக்கியிருக்கும். கொழும்பிலிருந்து ஓர்டர் பண்ணி எடுக்க வேண்டி வரலாம். பழைய மடிக்கணினிகளிலிருந்து கழட்டிய 2230களும் மலிவாக விற்கிறார்கள், அவை கெட்டவை இல்லை, ஆனால் வாங்கியதும் சோதிக்க வேண்டும். கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்றொரு இலவச மென்பொருள் எஸ்.எஸ்.டியின் ஆரோக்கியத்தை வீதத்தில் காட்டும், எத்தனை மணித்தியாலம் ஓடியது என்றும் காட்டும். புதியது என்று சொல்லி விற்றதில் ஆயிரக்கணக்கான மணித்தியாலம் ஓடியிருந்தால் உடனே திருப்பிக் கொடுங்கள்.

என் மருமகளுக்கு 512 ஜீபி எடுத்தோம். பூட்டிய பிறகு விண்டோஸ் 476 என்றுதான் காட்டும், "மாமா, ஏமாத்திட்டாங்க" என்று அவள் பதறினாள். ஏமாற்றவில்லை. தயாரிப்பவர்கள் ஆயிரத்தால் கணக்குப் பார்க்கிறார்கள், விண்டோஸ் 1024ஆல் கணக்குப் பார்க்கிறது. அதே கணக்கில்தான் 128 ஜீபி 119 ஆகவும், 256 ஜீபி 238 ஆகவும் தெரியும்.

முந்தைய நாள் வேலை

முதலில் பிட்லொக்கர், அதாவது விண்டோஸ் சேமிப்பகத்துக்குப் போடுகிற பூட்டு. இதைப் பற்றிக் கேள்விப்படாதவர்களின் டெப்பிலும் அது ஓடிக்கொண்டிருக்கும். மைக்ரோசாஃப்ட் கணக்கால் உள்ளே போகிற சர்ஃபேஸ்களில் சேமிப்பகம் தானாகவே பூட்டுப் போட்டு வைக்கப்பட்டிருக்கும். அதன் சாவி 48 இலக்கம். சாதாரண நாளில் யாரும் கேட்காது. எஸ்.எஸ்.டியைக் கழட்டி வேறு இடத்தில் போட்டால் கேட்கும், அந்த நேரம் சாவி கையில் இல்லாவிட்டால் உள்ளே இருப்பதை யாராலும் எடுக்க ஏலாது, கொழும்புக்குக் கொண்டு போனாலும் ஏலாது. உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்குக்குள் போய், சாதனங்கள் பகுதியில் அந்த டெப்பின் பெயருக்குக் கீழே சாவி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் கொப்பியில் கையால் எழுதுங்கள். நான் மருமகளை எழுத வைத்து, நானே ஒவ்வொரு ஆறாறு இலக்கமாக வாசித்துச் சரிபார்த்தேன். ஸ்கிரீன்ஷாட் எடுத்து அதே டெப்பில் வைப்பது வீட்டுச் சாவியை வீட்டுக்குள் வைத்துப் பூட்டுகிற வேலை.

அப்புறம் பிரதி எடுப்பது. வெளி ஹார்ட் டிஸ்க்கோ பெரிய பென் டிரைவோ எடுத்து ஆவணங்கள், டெஸ்க்டொப், டவுன்லோட்ஸ், படங்கள் எல்லாவற்றையும் கொப்பி பண்ணுங்கள். டவுன்லோட்ஸை விட்டுவிடுகிறார்கள், பிள்ளைகளின் பாதி நோட்ஸ் அதற்குள்தான் கிடக்கும். பிரவுசரில் சேமித்த கடவுச்சொற்களும் முக்கியம். பிறகு எழுத்துருக்கள்: நம் ஆட்கள் இன்னும் பாமினியில்தான் கடிதமும் வினாத்தாளும் அடிக்கிறார்கள். புது விண்டோஸில் பாமினி இருக்காது, அதைத் திரும்பப் போடாவிட்டால் பழைய கோப்புகள் எல்லாம் விளங்காத ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும், கோப்பு பழுதாகிவிட்டதென்று பயப்படுவீர்கள். எழுத்துருக் கோப்பையும் பென் டிரைவில் எடுத்து வையுங்கள்.

பிரதி எடுத்ததும் அந்த டிஸ்க்கை வேறொரு கொம்பியூட்டரில் போட்டு நாலைந்து கோப்புகளைத் திறந்து பாருங்கள். திறந்து பார்க்காத பிரதியை நம்பாதீர்கள்.

மூன்றாவது, மீட்புப் பென் டிரைவ். புது எஸ்.எஸ்.டி வெறுமையாக வரும், அதில் விண்டோஸ் போட வேண்டும். மைக்ரோசாஃப்ட்டின் சர்ஃபேஸ் தளத்தில் சீரியல் இலக்கத்தைக் கொடுத்தால் உங்கள் டெப்புக்கென்றே செய்த மீட்புக் கோப்பைத் தருவார்கள். பல ஜீபி வரும், நைட் டேட்டாவில் போட்டுவிட்டுப் படுங்கள். பென் டிரைவ் குறைந்தது 16 ஜீபி, ஃபட்32 முறையில் ஃபோர்மட் பண்ண வேண்டும். 64, 128 ஜீபி பென் டிரைவ் எடுத்தால் விண்டோஸின் ஃபோர்மட் பெட்டியில் ஃபட்32 என்ற தெரிவே வராமல் போகலாம், அதனால் 16 அல்லது 32 எடுப்பது சுகம். இறக்கிய ஸிப் கோப்பை விரித்து உள்ளே இருப்பதை எல்லாம் அப்படியே பென் டிரைவில் போடுங்கள், இன்னொரு ஃபோல்டருக்குள் போடக்கூடாது. விண்டோஸ் லைசென்ஸ் என்ன ஆகும் என்று கேட்கிறார்கள். அது போர்டோடு சேர்ந்தது, எஸ்.எஸ்.டியை மாற்றினால் போகாது.

பழையதை அப்படியே புதியதற்குக் குளோன் பண்ணுகிற வழியும் இருக்கிறது. அதற்கு எஸ்.எஸ்.டி போடும் யு.எஸ்.பி கேசிங் ஒன்று வேண்டும், குளோன்ஜில்லா போன்ற மென்பொருள் வேண்டும், பிட்லொக்கரை முதலில் நிறுத்த வேண்டும். முடிந்த பிறகும் சி டிரைவ் பழைய அளவிலேயே நிற்கும், நடுவில் மீட்புப் பகுதி குறுக்கே கிடப்பதால் மிச்ச இடத்தைச் சேர்ப்பது தனி வேலை. புதிதாகத் தொடங்குபவர்களுக்குப் புது விண்டோஸ் போடுவதே நல்லதென்பது என் எண்ணம், பழைய குப்பையும் கழிந்துவிடும்.

செக்கன்ட் ஹாண்ட் சர்ஃபேஸ் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. 7 பிளஸ் கம்பெனிகளுக்கும் பாடசாலைகளுக்கும் என்று விற்ற மாடல். ஏதோ ஒரு கம்பெனியின் கணக்கில் பதிந்த டெப்பை, பதிவை நீக்காமலே விற்றிருக்கலாம். அப்படியானால் புது விண்டோஸ் போட்டு இன்டர்நெட் கொடுத்ததும் முன்பின் தெரியாத ஒரு கம்பெனியின் பெயரோடு லொகின் பக்கம் வரும். செட்டிங்ஸில் கணக்குகள் பகுதிக்குப் போய் வேலை அல்லது பாடசாலைக் கணக்கு ஏதும் தொங்குகிறதா என்று பாருங்கள். அங்கே ஒன்றும் தெரியாமல் இருந்தும் பிறகு வரலாம். வந்தால் பயப்பட வேண்டாம், பழைய எஸ்.எஸ்.டியைத் திரும்பப் பூட்டினால் டெப் முன்பு இருந்தபடியே ஓடும். விற்றவரைப் பிடித்துப் பதிவை நீக்கச் சொல்லிவிட்டு மறுபடி செய்யலாம். பழையதை உடனே அழிக்கவோ விற்கவோ வேண்டாம் என்று நான் சொல்வதற்கு இது ஒரு முக்கிய காரணம்.

கழட்டுகிற நாள்

தேவையான சாமான் மூன்றே மூன்று. சிம் எடுக்கிற ஊசி. டி3 நட்சத்திர முனை வைத்த ஸ்க்ரூ டிரைவர், சில பெட்டிகளில் 3ஐ.பி என்று எழுதியிருக்கும். பிளாஸ்டிக் சாவணம் ஒன்று, இல்லாவிட்டால் சுத்தமான விரல். ஃபோன் திருத்துகிற டூல் செட் பலவற்றில் டி3 இருக்கும், ஆனால் ஐந்து இதழ் முனையை மாறி எடுத்துவிடாதீர்கள், அது ஐஃபோனுக்கு. உங்களுக்கு வேண்டியது ஆறு இதழ். மாறிய முனையால் ஒரு தடவை திருகினாலே ஆணியின் தலை தேய்ந்துவிடும், பிறகு எந்த முனையும் பிடிக்காது.

இடத்தைத் தேர்வது பெரிய விஷயம். பன்பாயில் இருந்து செய்யாதீர்கள். அந்த ஆணி அரிசியைவிடச் சிறியது, பாயின் பின்னலுக்குள் போனால் பாயை உதறித்தான் தேட வேண்டும், உதறினால் முற்றத்துக்குப் போய்விடும். நான் செய்தது இப்படி: அம்மாவின் சுளகை எடுத்து, அதன்மேல் வெள்ளைத் துணி ஒன்றை விரித்து, டெப்பை அதற்குள் குப்புற வைத்தேன். வெள்ளையில் கறுத்த ஆணி பளிச்சென்று தெரியும், உருண்டாலும் சுளகின் விளிம்பு தடுத்துவிடும். ஃபேனை நிற்பாட்டுங்கள். ஜன்னல் பக்கம் பகல் வெளிச்சம் இருக்கும்போது செய்யுங்கள், மழை இருட்டில் டோர்ச் பிடித்துக்கொண்டு செய்கிற வேலை இல்லை.

உடம்பில் சேர்ந்து சில்லைப் பழுதாக்கக்கூடிய நிலைமின்னைப் பற்றியும் சொல்ல வேண்டும். கல்லடி, பாசிக்குடா போன்ற கரையோர ஈரக்காற்றில் அது குறைவுதான், ஏ.சி அறையில் கூடும். எப்படியானாலும் பொலியஸ்டர் சட்டையைக் கழட்டிப் பருத்தி போட்டுக்கொள்ளுங்கள், தொடங்க முதல் மண்ணில் ஊன்றிய இரும்புக் கேற்றையோ, மூன்று முனை பிளக்கில் செருகிய கொம்பியூட்டரின் இரும்புப் பெட்டியையோ தொட்டுவிட்டு வாருங்கள். தண்ணீர்க் குழாயைத் தொடச் சொல்வார்கள், இப்போது வீட்டுக் குழாய் எல்லாம் பி.வி.சி, அதைத் தொட்டுப் பிரயோசனமில்லை.

டெப்பை முழுதாக நிற்பாட்ட வேண்டும். இந்தக் கதவு வழியாகப் பற்றரியின் வயரைக் கழட்ட வசதியில்லை, அதனால் ஸ்லீப்பில் இருக்கும் டெப்பைத் திறந்தால் உள்ளே மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும். ஷிஃப்ட் விசையை அமுக்கிக்கொண்டே ஷட்டவுன் கொடுத்தால் அரைகுறையாக இல்லாமல் முழுதாக நிற்கும். விசைப்பலகையைப் பிரித்து எடுங்கள், சார்ஜரைக் கழட்டுங்கள், கார்டு ஏதும் இருந்தால் அதையும். கழட்டுவதற்கு முதலே சார்ஜ் பாதிக்கு மேல் இருக்கட்டும், பிறகு விண்டோஸ் ஏறும்போது கரண்ட் போனாலும் டெப் நிற்காது.

இனிக் கதவு. துளைக்குள் ஊசியை நேராக விட்டு அமுக்கினால் கதவு ஒரு பக்கம் கிளம்பும், நகத்தால் தூக்கி எடுக்கலாம். புரோ 9இல் துளைக்குப் பதிலாகக் கதவின் ஒரு ஓரத்தை விரலால் அமுக்க வேண்டும், மறு ஓரம் எழும்பும். எதிலும் ஸ்க்ரூ டிரைவரை விட்டு நெம்பத் தேவையில்லை. வரவில்லையென்றால் அமுக்குகிற இடம் பிழை, பலம் போதாதென்று நினைக்காதீர்கள்.

மருமகளிடம் ஸ்க்ரூ டிரைவரைக் கொடுத்தேன். "நான் வேணாம் மாமா, கை நடுங்குது" என்றாள். "உன்ட டெப் புள்ள, நீதான் கழட்டணும், நான் பக்கத்திலதான் இருக்கன்" என்றேன். முனையை ஆணியில் செங்குத்தாக நிறுத்தி, முதலில் திருகாமல் நன்றாக அமுக்கி, பிறகு இடப்பக்கம் கால் சுற்று. "டிக்" என்று ஒரு சின்னச் சத்தத்தோடு ஆணி விட்டுக் கொடுத்தது. அந்தச் சத்தத்துக்கு அவள் திடுக்கிட்டாள், உடைந்துவிட்டதென்று நினைத்திருப்பாள். இறுக்கமாக நின்ற ஆணி இளகும்போது அப்படித்தான் சத்தம் வரும். ஆணி வெளியே வந்ததும் டெப்பின் விளிம்பில் இருக்கும் காந்தம் அதை இழுத்துக்கொள்ளப் பார்க்கும், ஸெலோடேப் துண்டில் ஒட்டி ஓரமாக வையுங்கள்.

ஆணி போனதும் எஸ்.எஸ்.டியின் அந்தப் பக்கம் தானாகக் கொஞ்சம் மேலே எழும்பி நிற்கும். அந்தச் சரிவிலேயே பிடித்து நேராக வெளியே இழுங்கள். மேல்நோக்கித் தூக்கினால் சொக்கெட் உடையும், அது உடைந்தால் போர்டே போனதுபோல. பழையதின் மேல் வெப்பம் கடத்துகிற தகடோ ஒட்டும் பட்டையோ இருந்தால் மெல்ல உரித்துப் புதியதில் அதே இடத்தில் ஒட்டுங்கள், அது இல்லாவிட்டால் எஸ்.எஸ்.டி சூடாகி வேகம் குறையும். இந்த நேரம் சொக்கெட்டை நன்றாகப் பாருங்கள். கடற்கரையோர வீடுகளில் பாவித்த டெப்களில் பித்தளையில் களிம்பு பிடிப்பதுபோல் பச்சையாக ஏதும் படிந்திருக்கலாம். வாயால் ஊதாதீர்கள், எச்சில் போகும். மென்மையான பிரஷில் ஐசோபுரோப்பைல் அல்ககோல் துளி விட்டுத் துடைத்துக் காயவிடுங்கள்.

புதியதின் பொன்னிற விளிம்பில் ஒரு வெட்டு இருக்கும், நடுவில் இல்லாமல் ஒரு பக்கமாக. அந்த வெட்டு சொக்கெட்டில் இருக்கும் தடுப்போடு பொருந்துகிற பக்கம்தான் சரியான பக்கம். அதே சரிவில் செருகுங்கள், பொன்னிறம் அனேகமாக முழுதும் மறைய வேண்டும், கோடாகக் கொஞ்சம் தெரிந்தால் போதும். பொன்னிறம் நிறையத் தெரிந்தால் இன்னும் போகவில்லை என்று அர்த்தம். பிறகு மறுமுனையை விரலால் கீழே படுக்க வைத்துக்கொண்டே ஆணியைப் போடுங்கள். முதலில் இடப்பக்கம் ஒரு சுற்று திருப்பிப் புரி விழுந்ததை உணர்ந்த பிறகு வலப்பக்கம் இறுக்கினால் புரி மாறாது. ஆணி நின்ற பிறகு இன்னும் ஒரு மயிரிழை, அதற்குமேல் வேண்டாம். கதவை வைத்து அமுக்குங்கள்.

விண்டோஸ் ஏற்றுவது

சத்தத்தைக் கூட்டுகிற பொத்தானை அமுக்கிப் பிடித்துக்கொண்டு பவர் பொத்தானை ஒரு தடவை அமுக்கி விடுங்கள். யு.இ.எஃப்.ஐ என்ற பக்கம் வரும், விண்டோஸ் தொடங்க முதலே டெப்பின் அமைப்புகளைக் காட்டுகிற பக்கம் அது. அதில் புது எஸ்.எஸ்.டி தெரிகிறதா என்று பாருங்கள். தெரியாவிட்டால் நிற்பாட்டிவிட்டுத் திரும்பக் கழட்டிச் செருகுங்கள், பத்தில் எட்டுத் தடவை சரியாகச் செருகாததுதான் காரணமாக இருக்கும். யு.எஸ்.பியிலிருந்து தொடங்குவதற்கான தெரிவு திறந்திருக்கிறதா என்றும் அங்கேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

பிறகு டெப்பை நிற்பாட்டி, பென் டிரைவைச் செருகி, இந்தத் தடவை சத்தத்தைக் குறைக்கிற பொத்தானைப் பிடித்துக்கொண்டு பவரை அமுக்கி விட வேண்டும். லோகோ வரும்வரை சத்தப் பொத்தானை விடாதீர்கள். மொழியும் விசைப்பலகையும் கேட்கும், அப்புறம் டிரைவிலிருந்து மீட்பது என்ற தெரிவைக் கொடுத்தால் தானாக ஓடும். நடுவில் பிட்லொக்கர் சாவி கேட்டால் அந்த டிரைவைத் தவிர்க்கும் தெரிவைக் கொடுங்கள். புரோ 8, புரோ 9இல் சாதாரண யு.எஸ்.பி துளை கிடையாது, டைப் சி மட்டும்தான், ஒரு மாற்றி முதலே வாங்கி வையுங்கள். கடை பூட்டிய பிறகு இது தெரியவந்து இரவு முழுதும் காத்திருந்தவர்கள் உண்டு.

எங்களுக்கு அது முடிய ஒரு மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் கூட எடுத்தது, இடையில் கரண்ட் ஒரு தடவை போய் வந்தது, டெப் பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருந்தது. முடிந்ததும் விண்டோஸ் அப்டேட் எல்லாவற்றையும் போட்டு முடியுங்கள். பிட்லொக்கருக்குப் புதிய சாவி உருவாகியிருக்கும், அதையும் கொப்பியில் பழைய சாவிக்குக் கீழே எழுதுங்கள். விண்டோஸ் 10க்கான இலவச ஆதரவு 2025 ஒக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது, அதனால் 7 பிளஸ் மாதிரி விண்டோஸ் 11 ஏற்கிற டெப்பில் பழையதைப் போட்டு வைக்காமல் 11க்குப் போய்விடுவது நல்லது. பிறகு பாமினி, பிறகு கோப்புகள்.

பழைய எஸ்.எஸ்.டிக்கு 2230 அளவு ஏற்கிற என்.வி.எம்.இ யு.எஸ்.பி கேசிங் வாங்கினால் 128 ஜீபிப் பென் டிரைவ் ஒன்று கையில் இருக்கும், செருகியதும் அந்தப் பழைய 48 இலக்கச் சாவியைக் கேட்கும். ஆனால் உடனே அழித்துவிடாதீர்கள். மருமகளுடையதைப் புதியது வந்த நிலைமின் தடுப்புப் பையிலேயே போட்டு, பழைய மருந்துப் பெட்டி ஒன்றுக்குள் வைத்து, மூடியில் திகதியும் "பரீட்சை முடியும்வரை தொடாதே" என்றும் அவளே எழுதி அலுமாரியில் வைத்துவிட்டுப் போனாள். போன கிழமை ஹொஸ்டலில் இருந்து கோல் எடுத்து, கூட்டாளி ஒருத்தியிடம் 1866 என்று போட்ட டெப் இருக்கிறது, கழட்டலாமா என்று கேட்டாள். நான் வாயைத் திறக்க முதலே, "இல்ல மாமா, கதவு இல்ல, நானே பாத்துட்டன், கார்டு வாங்கச் சொல்லிட்டன்" என்றாள்.